சவரிமுத்துவும் சேவியரும் ஒரே பெயர்தான்: ஸ்பெயினில் ஒரு வீட்டின் பெயர் ஜொகூர் தோட்டத்துக்கு வந்த கதை

பத்து பாகாட், யோங் பெங், ஆயர் ஈத்தாம் பக்கம் தோட்டத்தில் வளர்ந்து, இன்று ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும் யாரையாவது கேட்டுப் பாருங்கள். அவருடைய தோட்டத்தில் ஒரு சவரிமுத்து இருந்திருப்பார். இல்லையென்றால் ஒரு சவரியம்மாளாவது இருந்திருப்பார். இன்றைய வகுப்பறையில் அந்தப் பெயரைத் தேடினால் கிடைப்பது அரிது. அதற்குப் பதிலாகச் சேவியர் இருக்கிறார்.

பெயர் ஏன் மாறியது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "அது தோட்டத்துப் பெயருங்க. பள்ளியில் பிள்ளைகள் கிண்டல் பண்ணுவாங்க." உண்மைதான். சவரம், சவரக்கத்தி என்று கேலி செய்யப்பட்டு அழுதுகொண்டே வீட்டுக்கு வந்த பையன்களை எனக்கும் தெரியும். அதில் ஒருவர் இன்று தாத்தா.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது வேறொரு சம்பவம். பத்து பாகாட்டில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பெரியவர் ஒருவர் காலமானார். இரண்டு ஏக்கர் செம்பனை நிலத்தைப் பிள்ளைகள் பெயருக்கு மாற்ற வேண்டும். பத்திரங்களை எடுத்து மேசையில் பரப்பியபோதுதான் சிக்கல் தெரிந்தது. அடையாள அட்டையில் அவர் பெயர் சவரிமுத்து. நிலப் பத்திரத்தில் 'வி' எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் 'பி' விழுந்து சபரிமுத்து ஆகியிருந்தது. சரி, தேவாலயத்தில் ஞானஸ்நானப் பதிவேடு இருக்குமே என்று அதன் நகலை வாங்கி வந்தார்கள். அதில் இலத்தீன் மொழியில் 'சவேரியுஸ்' என்று எழுதியிருந்தது.

"இது யாரு? இதுவும் எங்க தாத்தாவா?" என்று கேட்டார் பேரன். அந்தப் பேரனின் பெயர் சேவியர்.

மூன்று தாளிலும் இருப்பது ஒரே ஆள். அது மட்டுமல்ல, பேரனின் பெயரும் தாத்தாவின் பெயரும் ஒன்றேதான். வீட்டில் ஒருவருக்கும் அது தெரியாமல் போயிருந்தது.

புது வீடு

ஸ்பெயின் நாட்டின் வடக்கே, பிரான்ஸ் எல்லையை ஒட்டி நவார் என்ற பகுதி இருக்கிறது. அங்கே ஹவியேர் என்ற சிறிய ஊரும் அதே பெயரில் ஒரு பழைய கோட்டையும் உள்ளன. இன்று அதை ஸ்பானிய மொழியில் 'ஜே' எழுத்துப் போட்டு எழுதி, ஹவியேர் என்று உச்சரிக்கிறார்கள். பழைய எழுத்தில் அது 'எக்ஸ்'. அதுதான் சேவியர்.

இந்தச் சொல் முதலில் ஸ்பானியச் சொல்லே அல்ல. அப்பகுதியின் ஆதி மொழியான பாஸ்க் மொழியில் 'எச்சே' என்றால் வீடு. 'பெர்ரி' என்றால் புதிது. எச்சேபெர்ரி, அதாவது புது வீடு. பல நூறு வருடம் பல வாய்களில் தேய்ந்து அது சவியேர் ஆயிற்று. (பாஸ்க் மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று பேசுவோர் நம்மிடையே இருக்கிறார்கள். மொழியியல் அறிஞர்கள் அதை ஏற்பதில்லை. பாஸ்க் எந்த மொழியோடும் உறவு நிறுவப்படாத தனி மொழி.)

கன்னியாகுமரி, கேரளா பக்கத்து வேர் உள்ளவர்களுக்கு இதைப் புரிய வைப்பது எளிது. அங்கே ஆளை வீட்டுப் பெயரால்தான் அடையாளம் சொல்வார்கள். புத்தன்வீடு, புத்தன்புரையில் என்ற பெயர்களை நீங்களே கேட்டிருப்பீர்கள். சேவியர் என்பதும் அப்படி ஒரு புத்தன்வீடு, அவ்வளவுதான். ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' நாவலின் தலைப்பைப் பாஸ்க் மொழியில் சொன்னால் ஏறக்குறைய இந்தப் பெயர் வந்துவிடும்.

ஒரே சொல் வெவ்வேறு விதமாகத் தேய்ந்து வெவ்வேறு குடும்பப் பெயராவது உண்டு. 1970 முதல் 1976 வரை மெக்சிகோ அதிபராக இருந்தவர் லூயிஸ் எச்செவெரியா. அந்த எச்செவெரியாவும் இதே புது வீடுதான். இத்தாலியர்களின் கசனோவாவுக்கும் பொருள் அதுவே. ஊர்வம்புக்குப் பேர்போன அந்தக் கசனோவாவும் புனிதர் சேவியரும் ஒரே பொருள் கொண்ட பெயரைச் சுமந்தவர்கள் என்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

அந்தக் கோட்டையில் 1506ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் தேதி ஒரு பையன் பிறந்தான். பெயர் பிரான்சிஸ்கோ. அவனுடைய அப்பா சட்டம் படித்தவர், நவார் அரசரின் ஆலோசனைக் குழுவில் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். அவர் பெயர் ஹுவான் டி யாஸ்ஸோ. அம்மா மரியா டி அஸ்பில்குவேட்டா. கோட்டை அம்மா வழிச் சொத்து.

இங்கேதான் நம் ஆட்கள் பலருக்கு ஆச்சரியம் வரும். அப்பா பெயர் யாஸ்ஸோ. ஆனால் பிள்ளைகளில் ஒருவர் அம்மாவின் குடும்பப் பெயரை எடுத்து ஹுவான் டி அஸ்பில்குவேட்டா என்று அழைக்கப்பட்டார். பிரான்சிஸ்கோவுக்குக் கோட்டையின் பெயர் நிலைத்தது. கூடப்பிறந்தவர்களுக்கே வெவ்வேறு குடும்பப் பெயர்!

அந்தக் காலத்து ஸ்பெயினில் குடும்பப் பெயர் என்பது இன்று போலக் கல்லில் வெட்டியது அல்ல. யாரிடமிருந்து சொத்து வருகிறதோ அவர் பெயரை வைத்துக்கொள்ளலாம். பிறந்த ஊரின் பெயரை வைத்துக்கொள்ளலாம். அப்பா பெயரோடு ஒரு விகுதியைச் சேர்த்தும் வைத்துக்கொள்ளலாம். பெர்னாண்டோவின் மகன் பெர்னாண்டஸ், ரொட்ரிகோவின் மகன் ரொட்ரிகஸ், மார்ட்டினின் மகன் மார்ட்டினஸ். அந்தக் கடைசி 'எஸ்' ஓசைதான் நம் அடையாள அட்டையில் வரும் 'ஏ/எல்'. ஆக, பெர்னாண்டஸ் ஏ/எல் பெர்னாண்டஸ் என்று நம் நாட்டில் யாருக்காவது பெயர் இருந்தால், அதில் 'மகன்' என்ற சொல் மூன்று முறை வருகிறது.

கோட்டைக்கு வருவோம். 1512இல் நவாரை ஸ்பெயின் மன்னர் பெர்டினாண்டின் படை பிடித்தது. மூன்று வருடத்தில் அப்பா இறந்தார். 1516இல் கோட்டையின் கோபுரங்களை இடிக்க உத்தரவு வந்தது. அப்போது பிரான்சிஸ்கோவுக்குப் பத்து வயது. 'புது வீடு' என்ற பெயர் கொண்ட வீடு கண்ணெதிரே இடிபடுவதைப் பார்த்து வளர்ந்தவர் அவர். இன்று அங்கே போனால் காண்பது பின்னாளில் சீரமைத்த கட்டடம்.

நம்மூர்க் கடல் வழியாக

பிறகு நடந்தது ஓரளவு எல்லாருக்கும் தெரிந்த வரலாறு. பாரிஸ் பல்கலைக்கழகத்தில் படிப்பு, அங்கே லயோலா இஞ்ஞாசியாரோடு நட்பு, இயேசு சபை. போர்த்துகீசிய மன்னரின் வேண்டுகோளின்படி 1541இல் லிஸ்பனிலிருந்து கப்பல் ஏறி, 1542 மே மாதம் கோவா. அதே ஆண்டு இறுதிக்குள் தூத்துக்குடி, மணப்பாடு, புன்னைக்காயல் இருக்கும் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்துவிட்டார்.

அங்கிருந்த பரதவர் சமூகம் 1530களின் நடுவிலேயே கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றிருந்தது. முத்துக்குளிக்கும் உரிமை குறித்த தகராறில் போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடியபோது நடந்தது அது. பெயர் மாறியதே தவிர, சொல்லிக் கொடுக்க ஆளில்லை. சேவியர் வந்து, உள்ளூர் ஆட்களின் உதவியோடு மந்திரங்களைத் தமிழில் எழுதி மனப்பாடம் செய்து, தெருத் தெருவாக மணியடித்துக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார். ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவருக்கும் அவரவர் புதுப்பெயரை எழுதிக் கொடுத்ததாகத் தம் கடிதம் ஒன்றில் குறிப்பிடுகிறார். எழுதிக் கொடுக்கவில்லை என்றால் பெயர் நிற்காது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

1545இல் மலாக்கா வந்தார். அதன் பிறகு 1552 வரை மலாக்காதான் அவருக்கு இடைத்தங்கல். மலுக்குத் தீவுகளுக்குப் போனதும், 1549இல் ஜப்பானுக்குப் புறப்பட்டதும், கடைசியாகச் சீனாவை நோக்கிப் போனதும் இங்கிருந்துதான்.

மலாக்காவிலிருந்து கிழக்கே போகும் கப்பல் தெற்கே இறங்கி, மூவார் தாண்டி, நம் பத்து பாகாட் கரையைக் கடந்து, சிங்கப்பூர் நீரிணை வழியாகத்தான் திரும்ப வேண்டும். வேறு வழியில்லை. 1552 ஜூலையில் சிங்கப்பூர் நீரிணையில் இருந்தபடியே அவர் எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. அதற்குச் சில நாள் முன்னால் அந்தக் கப்பல் மின்யாக் பெக்கு பக்கம் கடந்து போயிருக்கும்.

போர்த்துகீசிய மாலுமிகளுக்கு இந்தக் கரை நன்றாகவே தெரியும். பத்து பாகாட் ஆற்றை அவர்கள் வரைபடத்தில் 'ரியோ பொர்மோசோ' என்று குறித்தார்கள். அழகிய ஆறு என்று பொருள். பின்னாளில் வந்த ஆங்கிலேயரின் கடல் வரைபடங்களில் பானாங் மலையும் 'மவுண்ட் பொர்மோசா' என்றே இருந்தது. தூரத்தில் இந்த மலை தெரிந்தால் எங்கே இருக்கிறோம் என்று மாலுமிக்குப் புரிந்துவிடும். இன்று ஆற்றங்கரையில் நின்று பார்ப்பவர்களுக்கு அழகிய ஆறு என்ற பெயர் கொஞ்சம் தாராளமாகத் தோன்றலாம். போகட்டும்.

1552 டிசம்பர் 3ஆம் தேதி சீனக் கரையோரம் உள்ள சாங்சுவான் தீவில் அவர் இறந்தார். வயது 46. உடலை 1553இல் மலாக்காவுக்குக் கொண்டுவந்து, இன்று செயிண்ட் பால் குன்று என்று நாம் சொல்லும் இடத்தில் இருந்த தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். சில மாதங்கள் கழித்து அதை எடுத்துக் கோவாவுக்குக் கொண்டு போனார்கள். பள்ளிச் சுற்றுலாவில் மலாக்கா போனவர்கள் அந்த இடிந்த தேவாலயத்துக்குள் கம்பிவலை போட்ட வெற்றுக் குழியைப் பார்த்திருப்பீர்கள். வெளியே வலக்கை முறிந்த நிலையில் ஒரு வெள்ளைச் சிலை நிற்கும். அவர்தான் இவர். பத்து பாகாட்டிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரம்.

ஆள் பெயர் வேறு, ஊர் பெயர் வேறு

கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அவர் உயிரோடு இருந்தபோது அவரைச் சேவியர் என்று யாரும் பெரிதாக அழைக்கவில்லை. போர்த்துகீசியருக்கு அவர் 'மெஸ்த்ரே பிரான்சிஸ்கோ'. ஆசிரியர் பிரான்சிஸ் என்பது போல. கடிதங்களின் கீழே அவர் கையொப்பமும் வெறும் பிரான்சிஸ்கோதான்.

பிறகு எப்படிச் சேவியர் முன்னுக்கு வந்தது? அசிசி நகரத்துப் பிரான்சிஸ் ஏற்கெனவே புகழ்பெற்ற புனிதர். இரண்டு பிரான்சிஸ்களைப் பிரித்துச் சொல்ல ஓர் அடைமொழி தேவைப்பட்டது. 1619இல் முத்திப்பேறு பட்டமும் 1622 மார்ச் 12ஆம் தேதி புனிதர் பட்டமும் வழங்கப்பட்ட பின், பிரான்சிஸ் சேவியர் என்ற இரட்டைப் பெயர் கத்தோலிக்க உலகம் முழுவதும் பரவியது. பிள்ளைகளுக்கு அந்த இரட்டைப் பெயரை வைத்தார்கள். நாளடைவில் பிரான்சிஸ் கழன்றது. சேவியர் மட்டும் நின்றது.

ஊர்ப்பெயர் குடும்பப் பெயராகி, குடும்பப் பெயர் ஆள் பெயராகிவிட்டது. இது எவ்வளவு விசித்திரம் என்று உணர ஒரு கற்பனை செய்து பார்க்கலாம். நம் பாரிட் ராஜாவில் பிறந்த ஒருவர் உலகப் புகழ் பெறுகிறார். அவர் மேல் உள்ள அன்பில் பிரேசில் நாட்டில் பிள்ளைகளுக்குப் 'பாரிட் ராஜா' என்று பெயர் வைக்கிறார்கள். நடந்தது அதேதான்.

பிரேசிலைச் சும்மா சொல்லவில்லை. அந்த நாட்டின் விடுதலைத் தியாகி, 1792 ஏப்ரல் 21ஆம் தேதி தூக்கிலிடப்பட்ட 'திராதெந்தெஸ்' என்பவரின் முழுப்பெயர் ஜோவாக்கிம் ஜோசே ட சில்வா சவியேர். அவர் நினைவாக இன்றும் அங்கே அது பொது விடுமுறை நாள். அர்ஜென்டினாவில் ஹவியேர் மிலெய் அதிபரானார். காற்பந்து ரசிகர்களுக்கு ஸ்பெயின் ஆட்டக்காரர் ஷாவியைத் தெரியும். அது கட்டலான் மொழியில் சேவியரின் செல்லச் சுருக்கம். அவர் குடும்பப் பெயரோ எர்னாண்டஸ். பெர்னாண்டஸின் இன்னொரு வடிவம்தான் அது. ஆங்கிலப் படம் பார்க்கும் பிள்ளைகளுக்கு எக்ஸ்-மென் பேராசிரியர் சார்லஸ் சேவியர் போதும்.

தமிழ்நாட்டில் நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா டிசம்பர் 3இல் நிறைவு பெறும். கன்னியாகுமரி மாவட்டத்துக்கு அன்று உள்ளூர் விடுமுறை. பாளையங்கோட்டையில் 1923இல் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரி. நம் நாட்டில் பினாங்கு செயிண்ட் சேவியர் கல்விக்கழகம் 1852இலிருந்து இயங்குகிறது. மலாக்கா ஆற்றோரம் கொஞ்சம் சாய்ந்தாற்போல நிற்கும் இரட்டைக் கோபுரத் தேவாலயம் 1849இல் கட்டப்பட்டது. அதுவும் அவர் பெயரில்தான்.

சவரி சிதைந்த பெயரா?

இனி நம் தாத்தாவின் பெயருக்கு வருவோம். சேவியர் சரியான வடிவம், சவரி என்பது படிக்காதவர்கள் வாயில் கெட்டுப்போன வடிவம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியரும் போர்த்துகீசியரும் 'எக்ஸ்' எழுத்தை 'ஷ' என்று ஒலித்தார்கள். மெக்சிகோவும் அப்போது மெஷிகோதான். பிற்பாடு ஸ்பானிய மொழியில் அந்த ஒலி 'ஹ' போல மாறியது. மெஹிகோ, ஹவியேர் என்றானது அப்படித்தான். போர்த்துகீசியர் மாறவில்லை. இன்றும் அவர்களுக்கு அது 'ஷவியேர்'.

முத்துக்குளித்துறைத் தமிழன் காதில் விழுந்தது இந்த ஷவியேர். தமிழ் நாக்குக்கு ஷ வராது, ச வரும். ஷவியேர் சவியேர் ஆகி, கடைசியில் மரியாதைக்கு 'ஆர்' சேர்ந்து சவேரியார் ஆயிற்று. ஆளுக்குப் பெயராக வைக்கும்போது சவரி. மேசை, அலமாரி, ஜன்னல், சாவி, ஏலம் எல்லாம் அதே போர்த்துகீசிய வாயிலிருந்து தமிழுக்கு வந்த சொற்கள். மலாய்க்காரர்களிடம் அதே சொற்கள் மேஜா, அல்மாரி, ஜெண்டெலா, லெலோங் என்று இருக்கின்றன. சவரியும் அந்தக் கப்பலில் வந்த சொல்தான்.

ஆங்கிலேயன் பள்ளி வைத்து, 'எக்ஸ்' எழுத்தை ஆங்கில முறைப்படி 'ஸே' என்று ஒலிக்கக் கற்றுக்கொடுத்த பிறகு வந்தது சேவியர். அதாவது, சவரி காதால் கேட்டு வந்த பெயர். சேவியர் எழுத்தைப் பார்த்து வந்த பெயர். வயதில் மூத்தது சவரி. போர்த்துகீசிய ஒலிக்கு அருகில் இருப்பதும் அதுதான். இதில் தோட்டத்துப் பெயர், டவுன் பெயர் என்று தரம் பிரிக்க என்ன இருக்கிறது?

சபரிமுத்து என்று எழுதுவதும் தவறு. சபரிமலைக்கும் இராமாயணத்துச் சபரிக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. பின்னால் வரும் 'முத்து' முத்துக்குளித்துறையில் பிறந்ததால் ஒட்டிக்கொண்டது என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் மாரிமுத்து, காளிமுத்து என்று மற்றவர்களும் வைக்கிறார்களே. அது தமிழின் பொதுவான பின்னொட்டு. அந்தோணிமுத்து, இன்னாசிமுத்து எல்லாம் அந்த வரிசையில் வந்தவை. இன்னாசி என்பது மேலே சொன்ன இஞ்ஞாசியார்.

கடற்கரை ஊர்களில் பெர்னாண்டோ, கர்வாலோ, மச்சாடோ, மிராண்டா போன்ற குடும்பப் பெயர்கள் அப்படியே ஒட்டின. போர்த்துகீசியர் ஞானஸ்நானத் தந்தையாக நின்று தங்கள் பெயரைக் கொடுத்த காலம் அது. அந்தப் பெயர் இருப்பதாலேயே உடம்பில் போர்த்துகீசிய இரத்தம் ஓடுகிறது என்று ஆகாது. நம்மூரில் பெர்னாண்டஸ் என்று பெயர் சொன்னவுடன் "செரானியா?" என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லிவைக்கலாம். உள்நாட்டில் கதை வேறு. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி, பரங்கியர் பெயரும் பழக்கமும் கலக்காமல் மதத்தைப் பரப்ப வேண்டும் என்றவர். அதனால் உள்நாட்டுக் கத்தோலிக்கருக்குப் போர்த்துகீசியக் குடும்பப் பெயர் பொதுவாக வரவில்லை. அருளப்பன், ஞானப்பிரகாசம், சூசை, சவரிமுத்து, சவரிராயன் என்று தமிழ் உடுத்திய பெயர்களே வந்தன. 'தமிழியன் ஆண்டிகுவரி' ஆய்விதழை நடத்திய பண்டித சவரிராயர் அப்படி ஒருவர்.

மலாயாத் தோட்டங்களுக்கு வந்தவர்களில் இரண்டு வகையும் உண்டு. ஆனால் பால்மரக் காட்டில் அதிகம் கேட்ட குரல் சவரிமுத்துவுடையதுதான்.

மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு இன்னொரு சேவியர் வந்தார். யாழ்ப்பாணத்துக் காவலூரைச் சேர்ந்தவர், 1961இல் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவராக வந்த சேவியர் தனிநாயகம் அடிகளார். 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டியவர் அவர். 1554இல் லிஸ்பனில் ரோமன் எழுத்தில் அச்சான தமிழ் நூலைப் பற்றியும், 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பற்றியும் உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர். அந்தத் 'தம்பிரான் வணக்கம்' நூலை உருவாக்கிய அண்டிரிக் அடிகளார், முத்துக்குளித்துறையில் சவேரியார் விட்டுப்போன வேலையைத் தொடர்ந்தவர். பாஸ்க் வீட்டுப் பெயரைச் சுமந்த ஒரு தமிழர், அந்த வீட்டுக்காரர் தொடங்கிவைத்த பணியில் பிறந்த புத்தகங்களைத் தேடிப்போயிருக்கிறார்.

இரண்டு தலைமுறைப் பெயர்

ஸ்பெயினில் ஒரு குடும்பப் பெயர் 500 வருடம் நிற்கிறது. அங்கே ஒருவருக்கு அப்பா வழிப் பெயர் ஒன்று, அம்மா வழிப் பெயர் ஒன்று என இரண்டு குடும்பப் பெயர். கல்யாணம் ஆனாலும் பெண் பெயர் மாறாது.

நம் நாட்டுத் தமிழர் பெயர் இரண்டு தலைமுறைதான். சவரிமுத்துவின் மகன் பீட்டர் ஏ/எல் சவரிமுத்து. பீட்டரின் மகன் சேவியர் ஏ/எல் பீட்டர். தாத்தா காகிதத்திலிருந்து காணாமல் போய்விட்டார். அதனால்தான் எழுத்துக்கூட்டல் முக்கியம். ஒரு தலைமுறையின் பெயர் அடுத்த தலைமுறையின் தாளில் இருக்கும்வரை மட்டுமே அதைத் திருத்த ஆளிருக்கும்.

1948இல் அவசரகாலத்தில் அடையாள அட்டை வந்தபோது, தோட்டத்தில் வரிசையில் நின்றவர்கள் பலருக்கு ரோமன் எழுத்து தெரியாது. வாயால் சொன்னதை எழுதுபவர் தம் காதுக்கு எட்டியபடி எழுதினார். ஒருவர் 'எஸ்' போட்டார், இன்னொருவர் 'சி, எச்' போட்டார். 'வி' சிலருக்கு 'பி' ஆனது. அண்ணனுக்கு ஒரு எழுத்து, தம்பிக்கு ஒரு எழுத்து. இதில் யாரைக் குறை சொல்ல? அன்றைக்கு அட்டை கையில் கிடைத்ததே பெரிது.

அந்தப் பத்து பாகாட் குடும்பத்துக்கு நல்ல வேளையாகப் பாட்டி உயிரோடு இருந்தார். கல்யாணச் சான்றிதழும் கிடைத்தது. இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று சத்தியப் பிரமாணம் எழுதி, சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் கையெழுத்திட்டார்கள். அடையாள அட்டை எண் எல்லாத் தாளிலும் ஒத்துப்போனது பெரிய உதவி. ஞானஸ்நானப் பதிவேட்டில் இருந்த 'சவேரியுஸ்' இலத்தீன் வடிவம் என்று பங்குத்தந்தை ஒரு கடிதம் கொடுத்தார். பல மாதம் அலைந்த பிறகு காரியம் முடிந்தது.

வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், நிலப் பத்திரம், சேமநிதிக் கணக்கு ஆகியவற்றை ஒரு நாள் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் அவர் கையாலேயே சத்தியப் பிரமாணம் செய்துவைப்பது சுலபம். ஆள் போன பிறகு அதையே நிரூபிக்க நாலு வாசல் ஏற வேண்டும். புதிதாகப் பிறந்த பிள்ளைக்குத் தீபகற்ப மலேசியாவில் 60 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். பாரத்தில் கையெழுத்துப் போடும் முன் அப்பா பெயரையும் சேர்த்து ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

பேரன் சேவியருக்குப் போன வருடம் பையன் பிறந்தான். பெயர் வைக்கும் பேச்சு வந்தபோது பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. சேவியர்தான் கேட்டார், "சவரின்னு வைக்கலாமா பாட்டி?" பாட்டி சிரித்துவிட்டு, "பள்ளியில கிண்டல் பண்ணுவாங்கடா" என்றார். பிறப்புச் சான்றிதழில் இப்போது இருப்பது சவரி ஏ/எல் சேவியர். 'எஸ்' போட்டு, 'வி' போட்டு.